கேட் மூடுவதற்குள் போய்ச் சேரணும்: ஓக்கிஃபனோக்கி ஆர்.வி. பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கும்பகோணத்திலிருந்து மனைவியின் அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஆறு பேரும் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டி) எடுத்துக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கு மூலையில் இருக்கும் ஓக்கிஃபனோக்கி சதுப்புக்காட்டுக்குப் போக வேண்டும்; தங்குவது அதன் மேற்குப் பக்கத்தில் உள்ள ஸ்டீஃபன் சி. ஃபாஸ்டர் ஸ்டேட் பார்க்கில். என்னிடம் யோசனை கேட்டு வந்தபோது வண்டியைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. எந்த வெள்ளிக்கிழமை கிளம்புவது என்பதும் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. சமையல் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு இருந்தது.

இரண்டு விஷயங்களை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஒன்று, பூங்காவின் கேட். இன்னொன்று, சதுப்பின் நீர்மட்டம். இந்தத் திட்டத்தில் பிறகு மாறியதெல்லாம் இந்த இரண்டாலும்தான் மாறியது. எத்தனை அடி வண்டி, எத்தனை படுக்கை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் கேட். இந்தப் பூங்கா தனியாக நிற்கும் இடமல்ல. 1937இல் அறிவிக்கப்பட்ட தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்குள், நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த சதுப்புக்கு நடுவே, ஒரு தீவுத் திட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஃபார்கோ என்ற சிற்றூரிலிருந்து 177ஆம் எண் சாலையில் சுமார் 18 மைல் உள்ளே போக வேண்டும். வழியில் கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது, போன் சிக்னலும் பல இடத்தில் கிடையாது. சாலை போய் முடிகிற இடம் பூங்காதான். புகலிடத்துக்குள் இருப்பதால் இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மற்ற பூங்காக்களில் தாமதமாக வந்தால் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கும் சீட்டில் நம் பெயரைப் பார்த்து சைட்டுக்கு, அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடத்துக்கு, போய்விடலாம். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்தால் பூட்டிய கேட்டுக்கு வெளியே, இருட்டில், 28 அடி வண்டியைத் திருப்ப இடம் தேட வேண்டிவரும்.

குடும்பத்தின் முதல் திட்டம் இதுதான்: வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் மூன்று மணிக்குக் கிளம்புவது, இரவு போய்ச் சேர்வது. தூரம் ஏறக்குறைய 330 மைல். காரில் போனால் ஐந்தரை மணி நேரம் என்று மேப் காட்டும். ஆர்.வி.க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 50 மைல் சராசரி கிடைத்தாலே நல்ல ஓட்டம். அதன்படி ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளிக்கிழமை அட்லாண்டா டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் போகும், சாப்பாட்டுக்கு அரை மணி. பதினொன்று ஆகிவிடும். கேட் பூட்டியிருக்கும். தவிர, அந்தி சாய்ந்த பிறகு 177ஆம் சாலையில் மான் குறுக்கே பாய்வது சர்வ சாதாரணம். ஆர்.வி. ஓட்டிப் பழகாதவர் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இருக்கவே கூடாது.

அதனால் பயணத்தை இரண்டாக வெட்டினோம். முதல் இரவு ஏடெல் பக்கத்தில் உள்ள ரீட் பிங்கம் ஸ்டேட் பார்க். ஐ-75 நெடுஞ்சாலையிலிருந்து ஆறேழு மைல்தான். ஏரியோரமாக ஆர்.வி. சைட்டுகள் இருக்கின்றன. ஒன்பது மணிக்கெல்லாம் சேர்ந்துவிடலாம். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டு, வால்டோஸ்டாவில் டேங்கை நிரப்பிக்கொண்டு, ஸ்டேட்டன்வில் வழியாக ஃபார்கோ. நண்பகலுக்குள் பூங்கா. ஒரு இரவுக் கட்டணம் கூடுதல்தான். ஆனால் புது வண்டியின் வாட்டர் பம்ப் எது, ஹீட்டர் சுவிட்ச் எது என்று வெளிச்சமும் கடைகளும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் பழகிக்கொள்ள ஒரு ராத்திரி கிடைத்தது. வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் வண்டியின் 50 ஆம்ப் பிளக்கைச் சைட்டின் 30 ஆம்ப் மின் சாக்கெட்டில் பொருத்தும் அடாப்டரை வைக்க மறந்திருந்தது. அது தெரிந்தது ரீட் பிங்கமில். அங்கே 50 ஆம்ப் இணைப்பு உள்ள சைட் கிடைத்ததால் இரவு ஓடிவிட்டது. மறுநாள் காலை வழியிலேயே ஒரு கடையில் வாங்கிக்கொண்டார்கள். இதே விஷயம் 18 மைல் உள்ளே போய்த் தெரிந்திருந்தால் ராத்திரி பாட்டரியில்தான் ஓடியிருக்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ்ஸில் வெறுமனே ‘ஓக்கிஃபனோக்கி’ என்று போடக்கூடாது. சதுப்புக்கு மூன்று வாசல்: கிழக்கே ஃபோக்ஸ்டன், வடக்கே வேக்ராஸ், மேற்கே ஃபார்கோ. நடுவில் சாலை கிடையாது. ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு சதுப்பைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மாமனாரின் போன் ஃபோக்ஸ்டனைக் காட்டிக்கொண்டிருந்தது. “மாப்பிள்ளை, இந்தப் பக்கம் போகச் சொல்லுதே” என்று அவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தால், சதுப்பின் மறுகரையில் நின்று நம் சைட் இருக்கும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது மாதம். அவர்கள் முதலில் நினைத்தது ஜூன், பள்ளி விடுமுறை. நான் வேண்டாம் என்றேன். மே, ஜூனில் அங்கே மஞ்சள் ஈ என்று ஒன்று வரும். கொசுவைப் போல் உறிஞ்சாது, கடித்துப் பிய்த்துவிடும். ஜூன், ஜூலை பெண் முதலைகள் கூடு கட்டும் காலம். கூட்டின் பக்கம் தெரியாமல் போனால் துரத்தும். எல்லாவற்றையும்விட, வசந்தத்தின் இறுதியில் மழை இல்லாமல் சதுப்பு காய்ந்து கிடக்கும்போது இடி விழுந்தால் தீ பிடிக்கும். சதுப்பில் எப்படித் தீ என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தத் தண்ணீருக்கு அடியில் இருப்பது மண் அல்ல, பீட். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் படிந்த இலை, தழை, வேர். சில இடங்களில் பதினைந்து அடி கனம். நீர்மட்டம் இறங்கி அது காய்ந்தால் மேலே எரிகிற தீ அணைந்த பிறகும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். 2011 ஏப்ரலில் தொடங்கிய ஹனி ப்ரெய்ரி தீ மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியது. முழுதாக அணைந்தது என்று அறிவிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. 2017 ஏப்ரலில் இடி விழுந்து பிடித்த வெஸ்ட் மிம்ஸ் தீ ஒன்றரை லட்சம் ஏக்கரை எரித்தது. அந்த மாதிரிச் சமயத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். சைட் பணம் திரும்பி வரும். வண்டி வாடகை வருமா என்பது ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் பொறுத்தது, அதை முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

எனவே நவம்பர். எந்த வார இறுதி என்பதை முடிவு செய்தது மாமனார் ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டர். ஸ்டீஃபன் சி. ஃபாஸ்டர் 2016இல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. சுற்றிலும் மின்விளக்கே இல்லாத நான்கு லட்சம் ஏக்கர் இருக்கிறது என்றால் வேறு எப்படி இருக்கும்? பௌர்ணமியில் போனால் பாதி லாபம் போச்சு. அமாவாசையில் போகலாம் என்றால் மாமனாருக்குத் தர்ப்பணம், வீட்டில்தான் இருக்க வேண்டும். அமாவாசை முடிந்து இரண்டு மூன்று நாளில் வரும் வார இறுதியைப் பிடித்தோம். மெல்லிய பிறை, சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்தில் அதுவும் விழுந்துவிடும். ஜார்ஜியா ஸ்டேட் பார்க்குகளில் 13 மாதம் முன்பே பதிவு திறந்துவிடுகிறது. மேலும் இந்தப் பூங்காவில் சைட்டுகள் அறுபது சொச்சம்தான். வானம் பார்க்க வருகிறவர்களும் இதே அமாவாசைக் கணக்கைத்தான் போடுவார்கள் என்பதால் மாதம் முடிவானதும் முதல் வேலை புக்கிங். வண்டியை அதற்கு அப்புறம் தேடினால் போதும். சைட்டின் நீளத்தைப் பார்த்து வண்டி எடுக்கலாம். வண்டியின் நீளத்துக்குச் சைட் அந்தக் கடைசி நேரத்தில் கிடைக்காது.

நவம்பரில் ஒரு குறை உண்டு, பகல் சுருங்கிவிடும். நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு ஐந்தரை மணிக்கு இருட்டும். படகு எடுத்தால் அதற்கு முன்பே கரை சேர வேண்டும். இன்னொன்று, அந்த மாதத்தில் முதலை மந்தம். ஆனால் வெயில் நன்றாக அடித்தால் கரையில் வந்து காயும். பயணத்தின்போது அப்படித்தான் இருந்தது.

வண்டி விஷயத்தில் விளம்பரத்தில் இருந்த வார்த்தை ‘ஆறு பேர் தூங்கலாம்’. ஆறு பேர் தூங்கலாம் என்றால் ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று அர்த்தமில்லை. அவர்கள் முதலில் பார்த்த வண்டியில் பெல்ட் நான்குதான். ஓடுகிற வண்டியில் பின்னாலிருக்கும் கட்டிலில் அத்தை, அதாவது மாமியார், படுத்துக்கொண்டு வரட்டும் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். ஜார்ஜியா சட்டப்படி எட்டு வயதுக்குக் கீழே பூஸ்டர் சீட் வேண்டும். அந்தச் சீட்டை முன்னோக்கிய இருக்கையில்தான் கட்ட வேண்டும், பக்கவாட்டு சோஃபாவில் கட்டக்கூடாது. பெல்ட் எண்ணிக்கையைக் கேட்டுத் தேடியபோது பாதி வண்டிகள் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிட்டன.

இனி கரண்ட். இந்த விஷயத்தில் நம் சமையலறை கொஞ்சம் வம்பு. 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். நவம்பர் காலை எட்டு டிகிரி குளிர். ஒரு சின்ன மின்ஹீட்டர் 1,500 வாட். வெந்நீர்த் தொட்டியைக் கரண்ட்டில் போட்டால் சுமார் 1,400. இதோடு இண்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 1,800. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், பிரேக்கர் விழும். விழுந்தது. ஃபாஸ்டர் பூங்காவில் விடிந்த முதல் காலை சாம்பார் பாதி கொதியில் நின்றது. வெந்நீரைக் கேஸுக்கு மாற்றினார்கள். அடுப்பை வெளியே கொண்டுபோய்ப் பிக்னிக் மேஜையில் வைத்தார்கள். சைட்டில் இருக்கும் மின்கம்பத்தில் பெரும்பாலும் 20 ஆம்ப் சாக்கெட் ஒன்று தனி பிரேக்கரோடு இருக்கும். வெளி உபயோகத்துக்கான தடித்த ஒயர் எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்தால் அடுப்பு அதிலேயே ஓடும், வண்டிக்குள் இருக்கும் எதையும் தொந்தரவு செய்யாது. தாளிப்பதற்கும் வெளியேதான் நல்லது. வண்டிக்குள் கடுகு வெடிக்க ஆரம்பித்து, காய்ந்த மிளகாயைப் போட்ட நிமிஷம் புகை அலாரம் கத்தும். பக்கத்து சைட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

வெளியே சமைத்தால் வெளியே சுத்தம் செய்தாக வேண்டும், அது வேறு வேலை. அங்கே ரக்கூன் உண்டு, கரடியும் உண்டு. மேஜை மேல் சிந்திய சாதம், கழுவின தண்ணீர், எண்ணெய் துடைத்த காகிதம் எதையும் விடக்கூடாது. கழுவின தண்ணீரை மண்ணில் ஊற்றக்கூடாது, வண்டியின் கழுவு நீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். அத்தை ஊர்ப் பழக்கத்தில் மிச்ச சோற்றைக் காக்கைக்கு வைக்கப் போனார். பேத்திதான், “பாட்டி, அது காக்கா இல்ல, ரக்கூன் வந்து சாப்பிடும். அப்புறம் தினமும் வரும்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முதலைக்குத் தீனி போடுவது இன்னும் மோசம், சட்டப்படி குற்றம். மனிதன் என்றால் சாப்பாடு என்று பழகிவிட்ட முதலையைக் கடைசியில் கொன்றுவிட வேண்டிவரும்.

இட்லி மாவுக்கு ஒரு தனிப் பத்தி வேண்டும். “மாப்பிள்ளை, மாவு பொங்கிடுச்சுன்னா அந்தக் குட்டி ஃபிரிட்ஜ்ல அடங்குமா?” என்று அத்தை கேட்டது வேடிக்கையான கேள்வி அல்ல. பல ஆர்.வி.க்களில் இருப்பது கம்ப்ரஸர் இல்லாத ஃபிரிட்ஜ். சூட்டால் அமோனியாவைக் கிளப்பி, அது தானாக வழிந்து இறங்கும் ஓட்டத்தில் குளிர்விக்கும். வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைப்படும், ஃபிரிட்ஜ் குளிராது, சமயத்தில் கெட்டே போகும். மணல் தரையுள்ள சைட்டில் ஒரு பக்கச் சக்கரம் அமுங்குவது சாதாரணம். போனதும் முதல் வேலை சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து மட்டம் பார்ப்பது. ஃபிரிட்ஜ் சூடாக இருந்தால் முழுக் குளிர் வர ஒரு இரவு ஆகும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டு வைக்க வேண்டும். மாவை இரண்டு சின்னப் பாத்திரமாகப் பிரித்து, பாதி இடம் விட்டு மூடினார்கள், அடங்கியது.

கழிப்பறைத் தொட்டி பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம், அதனாலேயே திட்டத்தில் விட்டுப்போகும். இந்த வண்டியில் கழிவுத் தொட்டி சுமார் 30 கேலன். அமெரிக்கக் குடும்பம் காகிதத்தோடு முடித்துக்கொள்ளும். நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள். ஆறு பேர், ஒவ்வொரு முறையும் ஒரு சொம்பு என்றால் இரண்டாவது நாளே தொட்டியின் அளவுகாட்டி சிவப்பில் நிற்கும். இதற்குக் கண்ட தீர்வு: பகலில் எல்லோரும் பூங்காவின் கழிப்பறைக்குப் போவது, வண்டியில் இருப்பது இரவில் பெரியவர்களுக்கு மட்டும், குளியலும் பூங்காவில். அங்கே வெந்நீர் வருகிறது. நன்னீர்த் தொட்டியை வீட்டிலேயே முழுக்க நிரப்பவும் வேண்டாம். ஒரு கேலன் எட்டரை பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 40 கேலன் என்றால் முந்நூற்று முப்பது பவுண்டைச் சும்மா 330 மைல் சுமப்பதாகும். சைட்டிலேயே குழாய் இருக்கிறது.

தண்ணீர் என்றதும் நீர்மட்டத்துக்கு வருகிறேன். ஓக்கிஃபனோக்கியின் தண்ணீர் பெரும்பாலும் மழையால் வருவது. கிழக்கே ட்ரெயில் ரிட்ஜ் என்ற பழைய கடற்கரை மணல்மேடு அணைபோலத் தடுத்து நிற்கிறது. பெரும்பங்கு நீர் மேற்கே சுவானி ஆறாகி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது, மிச்சம் செயின்ட் மேரிஸ் வழியாக அட்லாண்டிக்குக்கு. சதுப்பின் சராசரி ஆழம் இரண்டடிதான். அதனால் அரையடி இறங்கினாலே படகு வழிகள் மாறிவிடும். (அந்த மணல்மேட்டில் டைட்டேனியம் சுரங்கம் தோண்ட ஒரு நிறுவனம் பல வருடம் முயன்றது. 2025 ஜூனில் கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற அமைப்பு சுமார் 60 மில்லியன் டாலருக்கு அந்த நிலத்தை வாங்குவதாக அறிவித்தது. சதுப்பைப் பார்க்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி.)

மருமகன் திட்டமிட்டிருந்தது சின்ன மோட்டார் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து மின்னிஸ் ஏரி வரை போவது. பத்து குதிரைத்திறனுக்கு மேல் அங்கே அனுமதி கிடையாது, அதனால் ஓட்டத் தெரியாதவரும் ஓட்டலாம். ஆனால் அந்த வாரம் நீர் இறங்கியிருந்தது; அந்தப் பக்கம் போனால் வேரில் தட்டும் என்று படகுத்துறையில் சொன்னார்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு அந்த வம்பு வேண்டாம் என்று, வழிகாட்டியோடு போகும் படகுச் சவாரிக்கு மாறினார்கள். ஒன்றரை மணி நேரம், உட்கார வசதி, பேச விஷயம் தெரிந்த ஆள். எழுபது வயதைக் கடந்தவர்களோடு போனால் நீர் நிறைய இருந்தாலும் இதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். பில்லிஸ் தீவில் இறங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. 1909இலிருந்து சைப்ரஸ் மரம் வெட்டிய ஹெபர்ட் நிறுவனத்துக்காக அந்தத் தீவில் அறுநூறு பேர் வாழ்ந்த ஒரு ஊரே இருந்தது. 1927 வாக்கில் வெட்டு முடிந்ததும் காலியானது. துருப்பிடித்த இரும்பும் ஒரு சிறு மயானமும் மிச்சம்.

படகுத்துறைக் கால்வாயில் தண்ணீர் டிகாஷன் நிறம். அழுக்கல்ல, இலையிலிருந்து இறங்கிய டானின். அலை இல்லாதபோது மேலே இருக்கும் பாசித் தாடி தொங்கும் மரங்கள் அப்படியே தலைகீழாகத் தெரியும், எது கரை எது நிழல் என்று பிரிக்க முடியாது. அந்த நிழலில் ஒரு கட்டை கிடந்தது, சிறியவன் அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான், கட்டை கண்ணைத் திறந்தது. பிள்ளைகள் துறையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரக்கூடாது என்பதை அதற்குப் பிறகு யாரும் அவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரவு. வண்டியின் வெளிவிளக்கை அணைப்பது மரியாதை, டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டுவது வசதி. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும், நடுவில் யாராவது போனை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. எட்டு மணிக்குக் கிழக்கே கார்த்திகை மேலேறிவிட்டது. மாமனார் தன் கண்ணுக்கு ஆறு தெரிகிறது என்றார், பேரனுக்கு எட்டு தெரிந்தது. ஒன்பதுக்குமேல் திருவாதிரை மரங்களுக்கு மேலே சிவப்பாக வந்தது. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸி) ஒரு புகைத்திட்டாக வெறும் கண்ணால் காட்ட முடிந்தது.

திரும்புவது திங்கள்கிழமை, பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போட்டாகிவிட்டது. ஞாயிறு மாலை கிளம்பியிருந்தால் மறுபடி அந்த 18 மைலை இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும். காலையில் பூங்காவின் டம்ப் ஸ்டேஷனில் முதலில் கழிவுத் தொட்டி, பிறகு கழுவு நீர்த் தொட்டி என்ற வரிசையில் காலி செய்தார்கள். இரண்டாவதன் தண்ணீர் போகும்போது குழாயும் கழுவப்பட்டுவிடும். கையுறை, பழைய செருப்பு, ஒரு வாளி தண்ணீர். இந்த வேலையை மருமகன் செய்துகொண்டிருக்கும்போது மாமனார் பக்கத்தில் நின்று யோசனை சொன்னார், அவ்வளவுதான் அவர் பங்கு. ஃபார்கோ தாண்டி சிக்னல் வந்ததும் அத்தையின் போனில் கும்பகோணத்திலிருந்து வந்த விடுபட்ட அழைப்புகள் வரிசையாக விழத் தொடங்கின. இரண்டு நாள் போன் கிடைக்காது என்று ஊரில் சொல்லி வைக்க வேண்டும் என்பதை அடுத்து போகப்போகிறவர்களுக்கான பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.